கன்வென்ஷன் தள்ளிப்போனால் டிக்கெட் பணம் என்ன ஆகும்? நாள் கணக்கு, ரீஃபண்ட், சார்ஜ்பேக்

இளவேனில்:

அடிக்கடி நடக்கிற ஒரு நிலவரத்தை வைத்துக் கேட்கிறேன். ரசிகர் கன்வென்ஷன் ஒன்றுக்கு ஜனவரி 10, 2024 அன்று மூன்று நாள் பாஸும் இரண்டு போட்டோ ஆப்பும் (விருந்தினராக வரும் நடிகருடன் படம் எடுத்துக்கொள்ளும் டிக்கெட்) வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நிகழ்ச்சி அக்டோபர் 12. செப்டம்பரில் ஒரு மெயில்: "தவிர்க்க முடியாத காரணங்களால் நிகழ்ச்சி தள்ளிவைக்கப்படுகிறது. உங்கள் டிக்கெட் புதிய தேதிக்கும் செல்லும். நீங்கள் எதுவும் செய்யத் தேவையில்லை."

நிஜமாகவே எதுவும் செய்யாமல் இருக்கலாமா? ரீஃபண்ட் கேட்கலாமா, எத்தனை நாளுக்குள்? பாஸுக்கும் போட்டோ ஆப்புக்கும் ஒரே வழியா? விவரம் தெரிந்தவர்கள் படிப்படியாகச் சொன்னால் பலருக்கு உதவும்.

கணக்கன்:

அந்த மெயிலில் பணத்துக்கு ஆபத்தான வரி "எதுவும் செய்யத் தேவையில்லை" என்பதுதான். ரத்து என்று அறிவித்துவிட்டால் குழப்பமே இல்லை, பணம் திரும்பி வர வேண்டும். தள்ளிவைப்பில் அமைப்பாளருக்கு அவகாசம் கூடுகிறது. பணத்தைக் கேட்க உங்களுக்கு உள்ள கெடு மட்டும் கரைந்துகொண்டே போகிறது. நீங்கள் கொடுத்த தேதிகளையே எடுத்துக்கொள்வோம்.

பேபால் என்ற ஆன்லைன் பணச் சேவை வழியாகக் கட்டியிருந்தால், பணம் கட்டிய நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் திறக்க வேண்டும். ஜனவரி 10-க்கு 180 நாள் என்றால் ஜூலை 8. தள்ளிவைப்பு மெயில் வந்ததோ செப்டம்பரில். அதாவது பிரச்சினை தலைகாட்டும் முன்பே அந்தக் கதவு மூடிவிட்டது. கன்வென்ஷன் டிக்கெட் 8, 10 மாதம் முன்னாலேயே விற்பனைக்கு வருவதால் இது பலருக்கும் நேர்கிறது. ஒரு சின்ன ஆறுதல்: பேபாலுக்குப் பின்னால் கார்டு இருந்து, பணம் அந்தக் கார்டிலிருந்து போயிருந்தால், கார்டு கொடுத்த வங்கியிடம் கேட்கும் வழி தனியாகத் திறந்திருக்கும். பேபாலில் இருந்த இருப்புப் பணத்திலிருந்து போயிருந்தால் அந்த வழி இல்லை.

விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் சார்ஜ்பேக்குக்கு, அதாவது கார்டில் போன பணத்தை உங்கள் வங்கி வழியாக விற்றவரிடமிருந்து திரும்பக் கேட்பதற்கு, சேவை கிடைக்க வேண்டிய நாளிலிருந்தோ, இனிக் கிடைக்காது என்று தெரிந்த நாளிலிருந்தோ 120 நாள். அதற்கு மேல் ஒரு உச்சவரம்பு உண்டு: பணம் கட்டியதிலிருந்து 540 நாள். அக்டோபர் 12-லிருந்து 120 நாள் எண்ணினால் பிப்ரவரி 9, 2025. ஜனவரி 10-லிருந்து 540 நாள் எண்ணினால் ஜூலை 3, 2025.

இப்போது முதல் தள்ளிவைப்பில் புதிய தேதி மே 2025 என்று சொல்கிறார்கள். சரி என்று காத்திருக்கிறீர்கள். ஏப்ரலில் மறுபடி மெயில், இந்தமுறை செப்டம்பர் 2025 என்று. அதற்கும் காத்திருந்தால் ஜூலை 3 கடந்துவிடும். செப்டம்பரில் நிகழ்ச்சி நடக்காவிட்டாலும் கார்டு வழி கிடையாது. ஆகவே இரண்டாவது தள்ளிவைப்பு மெயில் வந்த அன்றே முதல் வேலையாக 540-வது நாள் எது என்று காலண்டரில் குறியுங்கள். புதிய தேதி அதைத் தாண்டினால், காத்திருப்பது உங்கள் பாதுகாப்பைக் கைவிடுவதற்குச் சமம்.

இவை கார்டு நிறுவனங்கள் வங்கிகளுக்கு வைத்திருக்கும் வெளி எல்லைகள். வங்கி தன் வேலைக்கு இதில் சில நாள் எடுத்துக்கொள்ளும். கடைசி வாரம் வரை வைத்திருக்காதீர்கள்.

வாசல்மணி:

கணக்கன் சொன்ன நாள் கணக்கு சரி. அமைப்பாளர் பக்கத்தையும் சொல்ல வேண்டும். ரசிகர்களே சேர்ந்து தன்னார்வமாக நடத்தும் சிறு கன்வென்ஷன்களில் டிக்கெட் பணம் வந்த கையோடு மண்டப முன்பணம், விருந்தினர் முன்பணம், காப்பீடு என்று போய்விடும். ரத்தானால் மண்டபத்திடமிருந்து பணம் திரும்பி வந்த பிறகுதான் ரீஃபண்ட் கொடுக்க முடியும். அந்த நேரத்தில் 200 பேர் சேர்ந்து சார்ஜ்பேக் போட்டால் ஒவ்வொன்றுக்கும் அமைப்பாளர் தலையில் தனிக் கட்டணம் விழும். அவருக்குக் கார்டுப் பணம் வாங்கித் தரும் நிறுவனம் கணக்கையே முடக்கும். அப்புறம் ஒழுங்காக மெயில் எழுதி வரிசையில் நிற்பவருக்கும் பணம் போகாது. முதலில் எழுத்தில் கேளுங்கள், 14 நாள் கொடுங்கள், பிறகு வங்கிக்குப் போங்கள்.

கணக்கன்:

எழுதிக் கேட்பது முதலில் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை. வங்கியே அதைத்தான் கேட்கும்: "விற்றவரிடம் கேட்டீர்களா, என்ன பதில் வந்தது?" அந்த 14 நாள் 540-வது நாளுக்கு முன்னால் முடிய வேண்டும், அவ்வளவுதான்.

மண்டபத்திடமிருந்து பணம் வரவில்லை என்பது அமைப்பாளருக்கும் மண்டபத்துக்கும் இடையிலான ஒப்பந்த விவகாரம். அந்தப் பாரத்தை டிக்கெட் வாங்கியவர் சுமக்க வேண்டியதில்லை. நல்ல மனதோடு காத்திருக்க விரும்புபவர் காத்திருக்கட்டும், கெடு தேதி தெரிந்து காத்திருக்கட்டும்.

இளவேனில்:

எழுதும்போது என்ன எழுத வேண்டும்? "பணத்தைத் திருப்பித் தாருங்கள்" என்றால் போதுமா?

கணக்கன்:

போதாது. எழுதும் முன் ஆதாரம் சேர்க்க வேண்டும், ஏனென்றால் தள்ளிவைப்பு அறிவித்ததும் தளத்தில் பக்கங்கள் மாறும். வாங்கியபோது இருந்த "ரத்தானால் முழு ரீஃபண்ட்" என்ற வரி, ஒரு வாரத்தில் "டிக்கெட் அடுத்த நிகழ்ச்சிக்கு மாற்றப்படும்" என்று ஆகியிருக்கும். வாங்கிய நாளில் விதிமுறைப் பக்கத்தை பிடிஎஃப் ஆகச் சேமிப்பதுதான் ஆகச் சிறந்தது. அப்படிச் செய்யவில்லை என்றால் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமிக்கும் வேபேக் மெஷின் தளத்தில் அந்தப் பக்கத்தின் பழைய பிரதி இருக்கிறதா பாருங்கள். ஆர்டர் உறுதி மெயில், தள்ளிவைப்பு மெயில், சமூக வலைதள அறிவிப்பின் ஸ்க்ரீன்ஷாட், ஸ்டேட்மென்ட்டில் பணம் போன வரி ஆகிய நான்கும் கையில் இருக்க வேண்டும். ஸ்டேட்மென்ட்டில் உள்ள பெயரைக் கவனியுங்கள். கன்வென்ஷன் பெயர் ஒன்றாக, பணம் வாங்கிய நிறுவனத்தின் பெயர் வேறாக இருக்கும். சார்ஜ்பேக் அந்த இரண்டாவது பெயர் மீதுதான் போகும்.

மெயில் இப்படி இருக்கலாம்:

"ஆர்டர் எண் இன்னது, வாங்கிய நாள் இன்னது, தொகை இன்னது. அக்டோபர் 12, 2024 நிகழ்ச்சிக்காக வாங்கினேன். அந்தத் தேதியில் நிகழ்ச்சி நடக்காது என்று செப்டம்பர் இந்த நாளில் அறிவித்தீர்கள். புதிய தேதியை நான் ஏற்கவில்லை. கிரெடிட், வவுச்சர், அடுத்த ஆண்டுக்கான மாற்று எதையும் ஏற்கவில்லை. கட்டணங்கள் உட்பட முழுத் தொகையையும் நான் பணம் கட்டிய அதே வழியில் 14 நாளுக்குள், அதாவது இந்தத் தேதிக்குள் திருப்பி அனுப்புங்கள்."

"ஏற்கவில்லை" என்ற சொல் கட்டாயம் இருக்க வேண்டும். பல டிக்கெட் தளங்கள் ஒரு பட்டனை அனுப்பும்: "என் இடத்தைத் தக்கவைத்துக்கொள்". அதைத் தொட்டால் புதிய தேதிக்கு நீங்களே சம்மதம் கொடுத்தாயிற்று. பிறகு சார்ஜ்பேக் போட்டால் அந்த க்ளிக் பதிவையே ஆதாரமாக வங்கிக்கு அனுப்புவார்கள், வழக்கு அங்கேயே முடியும். சில இடங்களில் 30 நாளுக்குள் ரீஃபண்ட் கேட்காவிட்டால் சம்மதித்ததாகக் கொள்வோம் என்றும் போட்டிருப்பார்கள். அந்த வரி மெயிலின் அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்.

சிறகன்:

வங்கியில் எந்தக் காரணத்தின் கீழ் போடுகிறோம் என்பதில் நிறையப் பேர் தவறுகிறார்கள். விசாவில் மூன்று குறியீடுகள் அருகருகே இருக்கின்றன. 13.1 என்பது சேவை கிடைக்கவில்லை. 13.6 என்பது ரீஃபண்ட் தருகிறோம் என்று ஒப்புக்கொண்டும் வரவில்லை. 13.7 என்பது வாங்கியவரே ரத்து செய்தது. நிகழ்ச்சியை ரத்து செய்தது அமைப்பாளர், ஆகவே 13.1. "உங்கள் ரீஃபண்ட் அனுப்பப்படும்" என்று எழுத்தில் பதில் வந்து, பிறகும் பணம் வரவில்லை என்றால் 13.6.

வங்கி ஆப்பில் இந்த எண்களைக் காட்ட மாட்டார்கள், கேள்விகளாகக் கேட்பார்கள். "நீங்கள் ரத்து செய்தீர்களா?" என்ற கேள்விக்கு, நிகழ்ச்சி கேன்சல் ஆகிவிட்டதே என்ற எண்ணத்தில் ஆம் என்று அழுத்தினால் 13.7 பக்கம் தள்ளிவிடும். அங்கே "எங்கள் விதிப்படி டிக்கெட்டுக்கு ரீஃபண்ட் கிடையாது" என்ற வரியே அமைப்பாளருக்குப் போதும், ஜெயித்துவிடுவார். மாஸ்டர்கார்டில் இவை எல்லாம் 4853 என்ற ஒரே குறியீட்டுக்குள் வருகின்றன. ஆனாலும் நீங்கள் எழுதும் விளக்கம் இதே வித்தியாசத்தைக் காட்ட வேண்டும்.

இன்னொன்று. புதிய தேதி எதுவும் அறிவிக்காத தள்ளிவைப்பு என்றால் உங்கள் பக்கம் பலமானது, அறிவித்த தேதியில் சேவை இல்லை, மாற்றும் இல்லை. புதிய தேதி அறிவித்து, வாங்கும்போதே "தேதி மாறினால் டிக்கெட் செல்லும்" என்ற விதி தெளிவாகக் காட்டப்பட்டிருந்தால் வழக்கு கடினம். வங்கி புதிய தேதி வரை பொறுக்கச் சொல்லலாம். அப்போது 540-வது நாளைச் சுட்டிக்காட்டி எழுத்தில் பதில் கேளுங்கள்.

வாசல்மணி:

தள்ளிவைப்பு எல்லாமே ஏமாற்று என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 2020-ல் சான் டியேகோ காமிக்-கான் பெருந்தொற்றால் ரத்தானது, அதன் வரலாற்றில் முதல்முறை. பேட்ஜ் (நுழைவு அட்டை) வைத்திருந்தவர்களுக்கு ரீஃபண்ட் அல்லது 2021-க்கு மாற்று என்ற இரண்டு வழியையும் கொடுத்தார்கள். 2021 கோடையிலும் நேரில் நடத்த முடியவில்லை, முழு நிகழ்ச்சி 2022 ஜூலையில்தான் திரும்பியது. அத்தனை காலம் பேட்ஜை வைத்திருந்தவர்களுக்கு உள்ளே போக வழி கிடைத்தது.

கணக்கன்:

அங்கே ரீஃபண்ட் என்ற தேர்வு முதலிலேயே இருந்தது என்பதுதான் முக்கியம். எதிர்ப்பக்க உதாரணம் 2018-ல் பால்டிமோரில் நடக்க வேண்டிய யுனிவர்சல் ஃபேன்கான். கூட்டு நிதி திரட்டித் தொடங்கியது, ஏப்ரல் கடைசி வாரத்துக்கு அறிவித்தது. ஒரு வாரம் இருக்கும்போது "தள்ளிவைப்பு" என்றார்கள். அதற்குள் மக்கள் விமானம், அறை எல்லாம் எடுத்தாயிற்று. வந்து சேர இருந்த ரசிகர்களுக்காக வேறு சிலர் அவசரமாக ஒரு மாற்று நிகழ்ச்சியை அதே ஊரில் கூட்ட வேண்டியிருந்தது.

கூட்டு நிதித் தளத்தில் கொடுத்த பணத்தைத் தனியாகப் பாருங்கள். கிக்ஸ்டார்ட்டர் போன்றவை கடை அல்ல, நீங்கள் ஒரு திட்டத்தை ஆதரிக்கிறீர்கள், தளம் ரீஃபண்ட் கொடுக்காது. முதல் ஆண்டு கன்வென்ஷன், கூட்டு நிதி, பெரிய விருந்தினர் பட்டியல் மூன்றும் சேர்ந்து வந்தால் மூன்று நாள் பாஸை அங்கே வாங்காதீர்கள்.

தூரிகை:

நிகழ்ச்சி நடக்கிறது, ஆனால் சொன்னது எதுவும் இல்லை என்றால்? 2014-ல் அமெரிக்காவின் ஷாம்பர்க்கில் நடந்த டாஷ்கான் என்ற கன்வென்ஷனில் முதல் நாள் இரவே மண்டபத்துக்கு 17,000 டாலர் தேவை என்று வந்தவர்களிடமே வசூல் செய்தார்கள். விருந்தினர் நிகழ்ச்சி விழுந்ததற்கு ஈடாகப் பிளாஸ்டிக் பந்துகள் நிரப்பிய விளையாட்டுக் குளத்தில் கூடுதல் ஒரு மணி நேரம் தந்தார்கள். இதெல்லாம் ரத்து கணக்கில் வருமா?

சிறகன்:

வராது. கதவு திறந்தது, நீங்கள் உள்ளே போனீர்கள், அதனால் "சேவை கிடைக்கவில்லை" நிற்காது. "சொன்னபடி இல்லை" என்பது விசாவில் 13.3, நிரூபிப்பது கடினம். ஏனென்றால் "விருந்தினர்கள் மாறக்கூடும்" என்ற வரி எல்லா டிக்கெட்டிலும் இருக்கும். ஒரு நடிகர் வரவில்லை என்பதற்காக நுழைவு டிக்கெட் பணம் திரும்பாது.

தனியாகப் பணம் கட்டிய பொருள் வேறு. போட்டோ ஆப், ஆட்டோகிராஃப் டோக்கன், விஐபி வரிசை ஆகியவற்றுக்குத் தனி விலை, தனி வரி ரசீதில் இருந்தால் அந்தத் தொகைக்கு மட்டும் சார்ஜ்பேக் போடலாம். முழுத் தொகைக்கும் போட்டு, நுழைவுக்கு நீங்கள் உள்ளே போனது நிரூபணமானால் மொத்தமும் கையை விட்டுப் போகலாம். கிடைக்காததற்கு மட்டும் கேளுங்கள்.

இளவேனில் கேட்டதற்கும் இதிலேயே பதில் இருக்கிறது. போட்டோ ஆப்பைப் பெரும்பாலும் கன்வென்ஷன் விற்பதில்லை, புகைப்பட நிறுவனம் ஒன்று தனியாக விற்கும். ஸ்டேட்மென்ட்டில் இரண்டு பெயர் இருந்தால் இரண்டு மெயில், இரண்டு கெடு, இரண்டு வழக்கு. நடிகர் விலகினால் போட்டோ ஆப் பணம் தானாகத் திரும்புவதுதான் வழக்கம். நிகழ்ச்சியே தள்ளிப்போனால், அந்த நடிகர் புதிய தேதிக்கு வருகிறாரா என்று அறிவிக்கும் வரை போட்டோ ஆப்பைத் தொங்கலில் வைத்திருப்பார்கள். அங்கேதான் துரத்த வேண்டும்.

பயணப்பை:

டிக்கெட்டை விட அறையும் பயணமும்தான் பெரிய தொகை. கன்வென்ஷன் ரத்தானாலும் விமானம் பறக்கும், ஹோட்டல் திறந்திருக்கும். அதனால் அவர்கள் பக்கம் ரீஃபண்ட் கடமை எதுவும் எழாது, அவர்கள் விற்றதை அவர்கள் தரத் தயாராக இருக்கிறார்கள். இதில் சார்ஜ்பேக் போட்டுத் தோற்பவர்கள் ஏராளம்.

கன்வென்ஷனுக்கென ஒதுக்கிய ஹோட்டல் பிளாக்கில் விலை குறைவாக இருக்கும், ஆனால் ஒரு இரவு முன்பணம் திரும்பாது என்ற நிபந்தனையும் ஒட்டிக்கொண்டிருக்கும். பிளாக்கில் எடுக்கும் முன் அதே ஹோட்டலில், வரும் நாளுக்கு 24 அல்லது 48 மணி நேரம் முன்பு வரை இலவசமாக ரத்து செய்யக்கூடிய சாதாரண அறையின் விலையைப் பாருங்கள். வித்தியாசம் சிறிதென்றால் அதுவே நல்லது. நிகழ்ச்சி முழுவதுமாக ரத்தானால் பிளாக் ஒப்பந்தமே கலைந்து, பிளாக் அறைகளை ஹோட்டல் விடுவிப்பதும் உண்டு. ஆகவே அறிவிப்பு வந்தவுடன் நீங்களாக ரத்து செய்யாமல் ஒருமுறை ஹோட்டலைக் கேளுங்கள். நீங்களே முந்திக்கொண்டு ரத்து செய்தால் முன்பணம் போகும்.

சாதாரணப் பயணக் காப்பீட்டில் நிகழ்ச்சி ரத்து பொதுவாக ஒரு காரணமாகவே இருக்காது. எந்தக் காரணத்துக்கும் ரத்து செய்யலாம் என்ற கூடுதல் பிரிவு இருந்தால்தான் கைகொடுக்கும். அமெரிக்கச் சந்தையில் அதை முதல் முன்பணம் கட்டிய 14 முதல் 21 நாளுக்குள் எடுக்க வேண்டும், திரும்பி வருவதும் 50 முதல் 75 சதவீதம்தான்.

மைவிழி:

நண்பர் நாலு பேருக்கும் சேர்த்து ஒரே கார்டில் வாங்கினால்? அல்லது போக முடியாத ஒருவரிடமிருந்து கைமாற்றி வாங்கினால்?

கணக்கன்:

ரீஃபண்ட் எப்போதும் முதலில் பணம் கட்டிய கார்டுக்கே போகும். நாலு பேருக்கு ஒருவர் கட்டியிருந்தால் மெயிலும் வழக்கும் அந்த ஒருவர் பெயரில்தான். அவர் "என் இடத்தைத் தக்கவை" என்று அழுத்தினால் நாலு டிக்கெட்டும் மாறிவிடும், ஆகவே முன்பே பேசிக்கொள்ளுங்கள்.

கைமாற்றி வாங்கியதில் சிக்கல் அதிகம். நிகழ்ச்சி ரத்தானால் பணம் விற்றவருடைய கார்டுக்குத் திரும்பும், உங்களுக்கு வராது. "ரத்தாகி ரீஃபண்ட் வந்தால் அந்தத் தொகையை உங்களுக்கு அனுப்புவேன்" என்று வாங்கும்போதே எழுத்தில் பெறுங்கள். பேபாலில் "நண்பர்கள், குடும்பம்" வகையில் அனுப்பினால் வாங்குபவருக்கான பாதுகாப்பு கிடையாது. நேரடி வங்கிப் பரிமாற்றத்தில் சார்ஜ்பேக் என்பதே இல்லை.

சிறகன்:

நாட்டுச் சட்டங்களைப் பற்றி இரண்டு வரி, தவறான நம்பிக்கை பரவியிருப்பதால். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஆன்லைனில் வாங்கியதை 14 நாளுக்குள் திருப்பலாம் என்பது குறிப்பிட்ட தேதிக்கான பொழுதுபோக்கு டிக்கெட்டுக்குப் பொருந்தாது. பிரிட்டனில் 1974 நுகர்வோர் கடன் சட்டத்தின் 75-வது பிரிவு கிரெடிட் கார்டு நிறுவனத்தையும் பொறுப்பாக்குகிறது, ஆனால் ஒரு பொருளின் விலை 100 பவுண்டுக்கு மேல், 30,000 வரை இருக்க வேண்டும். 60 பவுண்டு டிக்கெட் இரண்டு வாங்கினால் கூட்டிக் கணக்கிட முடியாது. இடையில் டிக்கெட் முகவர் இருந்தால் அந்தத் தொடர்பு அறுந்துபோகவும் கூடும். சட்டம் நடுவில் மாறவும் செய்யும்: ஜெர்மனியில் 2020 மே மாதம் ஒரு சட்டம் வந்தது, மார்ச் 8-க்கு முன் வாங்கிய டிக்கெட்டுக்குப் பணத்துக்குப் பதில் வவுச்சர் தரலாம், 2021 இறுதி வரை பயன்படுத்தாவிட்டால்தான் பணம் என்று.

தூரிகை:

விற்பனை மேசை எடுக்கும் ஓவியர்கள் கவனிக்க: மேசைக் கட்டணம் வணிக ஒப்பந்தம், நுகர்வோர் சட்டம் பெரும்பாலும் துணைக்கு வராது. ஒப்பந்தத்தில் தள்ளிவைப்பு என்ற சொல்லுக்கு என்ன விளைவு எழுதியிருக்கிறது என்று கையெழுத்துக்கு முன் பாருங்கள். பெரும்பாலும் "கட்டணம் அடுத்த தேதிக்குச் செல்லும்" என்று மட்டும் இருக்கும். "90 நாளுக்கு மேல் தள்ளிப்போனால் விலகி முழுத் தொகை பெறலாம்" என்ற வரியைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேசைக் கட்டணத்தையும் கார்டிலேயே கட்டுங்கள்.

இளவேனில்:

ரீஃபண்ட் அனுப்பிவிட்டோம் என்கிறார்கள், கணக்கில் வரவில்லை. அந்தக் கார்டும் காலாவதியாகிவிட்டது. இதற்கு என்ன வழி?

கணக்கன்:

கார்டு காலாவதியானாலும் கணக்கு உயிரோடு இருந்தால் பணம் புதிய கார்டின் கணக்கிலேயே விழும். கணக்கையே மூடியிருந்தால் பழைய வங்கியிடம்தான் கேட்க வேண்டும்.

அனுப்பிய நாளிலிருந்து 10 வேலைநாள் பாருங்கள். பிறகு அமைப்பாளரிடம் ஏஆர்என் எண் கேளுங்கள். கார்டு ரீஃபண்ட் ஒவ்வொன்றுக்கும் 23 இலக்க எண் உண்டு. அதை வங்கியிடம் கொடுத்தால் பணம் எங்கே நிற்கிறது என்று தேடிச் சொல்வார்கள். எண்ணைத் தர முடியவில்லை என்றால் பணம் பெரும்பாலும் அனுப்பப்படவே இல்லை. "அனுப்பிவிட்டோம்" என்ற அவர்கள் மெயிலை வைத்து, சிறகன் சொன்ன 13.6-இல் போடுங்கள். ரீஃபண்ட் வரும் வழியில் இருக்கும்போதே சார்ஜ்பேக்கும் போட்டு இரண்டு முறை பணம் வந்தால், ஒன்றைத் திரும்ப எடுப்பார்கள். அந்த டிக்கெட் தளம் உங்கள் கணக்கை மூடவும் கூடும்.

வேறு நாணயத்தில் வாங்கியிருந்தால் திரும்பும் தொகை சற்று மாறியிருக்கும். திரும்பும் நாளின் மாற்று விகிதம்தான் கணக்கு, வெளிநாட்டுப் பரிவர்த்தனைக் கட்டணமும் பல வங்கிகளில் திரும்பாது. அந்த வித்தியாசத்துக்கு அமைப்பாளர் மீது வழக்குப் போட்டுப் பயனில்லை, கட்டணத்தை மட்டும் உங்கள் வங்கியிடம் கேட்டுப் பாருங்கள்.